பொன் கிடைத்தாலும்

முதல் நட்டு உடைந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதற்கு எண்ணெய் விட்டு
ஒரு வாரம் காத்திருந்தேன்.
பிறகு உடைந்தது.

அறுபத்தாறாம் வருடத்து மெர்க்குரி.
ஃபோர்டுக்குப் பெயர் மாற்றி
கனடாவுக்கென்று விற்ற பிக்கப்.
பாதரசத்தின் பெயரை வைத்துக்கொண்டு
பதினேழு வருடம்
கராகானா வேலியோரம் அசையாமல் நின்றிருந்தது.
பானெட் முகப்பில் ஏழு எழுத்து இருக்கவேண்டும்;
இரண்டு ஆர்களில் ஒன்றைக் காணோம்.
சஸ்காட்சுவான் முழுக்க
உடைசல் கிடங்குகளுக்குப் போன் செய்தேன்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கராஜில் புரொப்பேன் அடுப்பு
முதுகை மட்டும் சுட்டது,
விரல்கள் வேறு மாகாணத்தில் இருந்தன.
ஹீட்டர் பெட்டிக்குள் எலிக்கூடு:
இருக்கைப் பஞ்சு, கோதுமை உமி,
எழுபத்தொன்பதாம் வருடத்துப் பதிவுச் சான்று.
உரிமையாளர் பெயரைத் தின்றுவிட்டு
கட்டணத்தொகையை விட்டுவைத்திருந்தது எலி.

எல்லாம் அசலாக இருக்கவேண்டும் என்றேன்.
ஸ்டியரிங் கழுத்தில் கியர்த்தண்டு, மூன்றே கியர்,
நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்.
பக்கத்துப் பண்ணை டெல்மர்
“டிஸ்க் போடு, மான் குறுக்கே வந்தால் என்ன செய்வாய்?” என்றார்.
அறுபத்தாறில் மானே இல்லையா என்றேன்.
தரை மட்டும் விதிவிலக்கு.
துரு தின்ற இடத்தில்
நம் பழைய வாஷிங் மெஷினின்
பக்கத் தகட்டை வெட்டி ஒட்டினேன்.
பற்றவைப்பு, கோழி எச்சம் மாதிரி.

அக்டோபரில்
தானியக் குதிரின் ஏணியிலிருந்து நீ விழுந்திருந்தாய், லோர்னா.
இடது முழங்காலில் ஆறு திருகுகள்.
எக்ஸ்ரேயைப் பார்த்து
நான் சொன்ன முதல் வார்த்தை
“டைட்டானியம்.”
அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் கைத்தடியோடு கராஜுக்கு வந்தாய்.
ஏறி உட்கார்ந்தாய்.
க்ளட்ச்சை மிதித்தாய்.
பாதிவரை போனது.
கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததால்
முகம் தெரியவில்லை.
இறங்கி,
“எலி ஒயரையும் தின்றிருக்கிறது” என்றாய்,
கதவைச் சாத்திவிட்டுப் போனாய்.
அது கச்சிதமாகச் சாத்திக்கொண்டது.
அந்தக் கீல்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியிருந்தேன்.

மறுநாள் பிரின்ஸ் ஆல்பர்ட் பக்கம் போய்
ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வாங்கினேன்,
நானூற்றைம்பது டாலர், ரொக்கம்.
விற்றவன்
“அசலைக் கெடுக்கப் பார்க்கிறாயே” என்றான்.
யாருக்கு அசல் என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.
பெட்டியைத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

ஒன்றை மாற்றினால் ஒன்றோடு நிற்காது.
பவர் ஸ்டியரிங். அதற்கு ஒரு பம்ப்.
பம்ப்புக்கு இடம் விட்டு நகர்ந்த ஆல்டர்னேட்டர்.
முன்சக்கரங்களுக்கு டிஸ்க்.
டெல்மர் குனிந்து பார்த்தார்,
சொன்னேனே என்று சொல்லாமல்
சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.
எல்லாம் பூட்டிய பிறகு
மேசையில் மூன்று போல்ட் மிச்சம்.
எங்கிருந்து வந்தவையோ,
இன்றுவரை தெரியாது.

மே மாதம்.
சாலையோரப் பள்ளங்களில்
கடைசிப் பனி அழுக்காகக் கிடந்தது.
நீ ஓட்டினாய்.
என் பக்கக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது;
அதை உன்னிடம் சொல்லவில்லை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
உன் இடது கால் மெல்ல எழுந்து
வெறும் தகட்டை மிதித்தது.
நாற்பது வருடப் பழக்கம்.
நான் கனோலா வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் விதைக்காத வயல்,
பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

சரளைச் சாலை வளைவில் மான்.

என் முன்னால் பிரேக் எதுவும் இல்லை.
ஆனாலும் வாஷிங் மெஷின் வளையும்படி
முழு பலத்தோடு அழுத்தினேன்.
வண்டி நின்றது.
மான்
ஓர் எழுத்துக் குறைந்த பெயரை
நிதானமாகப் பார்த்துவிட்டு
வேலி தாண்டியது.

புழுதி அடங்கும்வரை காத்திருந்து,
நீட்டிய என் காலைப் பார்த்துக் கேட்டாய்:
“பிரேக் பிடித்தது யார்?”