செவ்வாய், இரண்டு இருபது

என் வேலை பொய் சொல்வது.
மணிக்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு.
இன்று நான் ஒடெஸா டில்லரி இல்லை;
மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்,
மணமானவள்,
ஆறு வயதில் ஒரு பையன்.
பையனுக்குப் பெயர் வைக்க
எல்லோருமே மறந்துவிட்டோம்.
காரில் ஏறும்போதுதான்
எமரி என்று வைத்தேன்.

எனக்கு நாற்பது நிமிடம் பின்னால் வரப்போகிறவளுக்கும்
கணவன் உண்டு, பையன் உண்டு.
சம்பளம் மட்டும் என்னைவிடக் கொஞ்சம் குறைவு,
கடன் கொஞ்சம் கூடுதல்.
சாக்குச் சொல்ல இடம் வைக்கக் கூடாது,
அதற்குத்தான் இந்த ஏற்பாடு.
அவள் வெள்ளைக்காரி,
நான் கறுப்பி.
மிச்சமெல்லாம் ஒன்றுபோலத் தைத்த சட்டை.

மில்வாக்கியில் மார்ச் மாதம்.
படிக்கட்டெல்லாம் உப்பும் சேறும்.
"பார்த்து வாங்க, வழுக்கும்" என்றார் ஹென்ஷல்.
கையை நீட்டினார்.
பிடித்துக்கொண்டேன்.

அடடா, காலையில்தான் முடிந்தது என்றார்.
ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார்.
அவர் மகளும் மருத்துவமனையில்தானாம், இரவு வேலையாம்,
கால் வீங்கிப்போய் வருகிறாளாம்.
என் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டு
திருப்பிப் படித்துக் காட்டினார்,
ஏழா, ஒன்றா என்று கேட்டு
ஏழின் கழுத்தில் ஒரு கோடு போட்டார்.

படிவத்தில் உணர்ச்சி எழுதக் கூடாது.
"மரியாதையாக" என்று எழுதக் கூடாது;
என்ன சொன்னார், எத்தனை மணிக்கு,
கதவு திறந்திருந்ததா, அவ்வளவுதான்.
எழுதினேன்:
இரண்டு இருபது. வீடு போய்விட்டது என்றார். கைகொடுத்தார்.

எழுதாமல் விட்டது:
நான் நம்பினேன்.
பதினொரு வருடமாக இதே வேலை,
இருந்தும் நம்பினேன்.
பாவம் அந்தப் பெண் என்று
பார்த்தே இராத ஒருத்தியின்
வீங்கிய காலை நினைத்துக்கொண்டே
வண்டி ஓட்டினேன்.

ஒருவர் கண்டதை மற்றவர் கேட்கக் கூடாது,
அதுவும் விதி.
மே மாதம்தான், வழக்கறிஞரின் மேசையில்,
கிரெச்சன் வோய்சிக் எழுதியதைப் படித்தேன்.
மூன்று மணி.
சாவிக்கொத்து. புது அடுப்பு.
சின்ன அறைக்கு மேற்கே பார்த்த சன்னல்,
பையனுக்கு நன்றாக இருக்கும் என்றார்.
முதல் மாதம் நூறு டாலர் குறைத்துக்கொள்ளலாம்.
பார்த்து வாங்க, வழுக்கும்.
கைகொடுத்தார்.

அதே கை.

வழக்கறிஞர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.
இதைவிடத் தெளிவாக வராது என்றார்.
எனக்கோ வேறொரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது:
இருபத்து மூன்று வயதில், பதினாறாம் தெருவில்,
குழாய் வெடித்துவிட்டது, பழுது பார்க்க மாதக்கணக்காகும் என்ற அம்மாள்.
விவாகரத்துக்குப் பிறகு,
தங்கைக்கு வேண்டுமாம் என்று
தலையைச் சொறிந்த மனிதர்.
கூடத்தில் உட்காரவைத்து
எலுமிச்சைக் கேக் கொடுத்தவர்.
அந்தக் கேக் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

குழாய் வெடித்திருக்கலாம்.
தங்கை இருந்திருக்கலாம்.
எப்படித் தெரியும்?
சொந்த வாழ்க்கையில்
எனக்கு நாற்பது நிமிடம் பின்னால்
யாரும் அனுப்பப்படவில்லை.

அபராதம் கட்டினார் ஹென்ஷல்.
முதலில் புகார் கொடுத்தவள் லவோன்,
அவளுக்கு வீடு கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்.
அவளோ அதற்குள் ரசீனில் அக்கா வீட்டுக்குப் போய்
மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.
காசோலை போதும் என்றாள்.

அடுத்த வாரம் புதுப் படிவம் வந்தது.
இந்த முறை நான் தனியாள்,
குழந்தை இல்லை, ஒரு பூனை மட்டும்.

எமரி என்ற பெயரை அடித்துவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தேன்.
இல்லாத பையன்தான்.
மேற்கே பார்த்த சன்னல் அவனுக்கு
இல்லை என்று சொன்னார்களே,
அது மட்டும் இருந்தது.