அறுபத்தோராம் பக்கத்தில் ஓர் எழுத்து

செவ்வாய்க்கிழமைகளில்
மீனவர் சங்கக் கட்டிடத்தின் மாடியில் கூடுகிறோம்.
சம்பளம் கிடையாது. காப்பி உண்டு,
அதையும் முறைவைத்து நாங்களே போடுகிறோம்.

அச்சுக்குப் போக வேண்டியது
கிராசியானு வியேகாஸின் நினைவுக் குறிப்பு.
போர்ச்சுகலின் இந்தக் கழிமுகத்திலிருந்து
நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்கு
பதினேழு பருவம் காட் மீன் பிடிக்கப் போனவர்.
ஒற்றையாள் படகில், மூடுபனியில்
மூன்று இரவு தொலைந்து
பச்சை ஈரல் தின்று பிழைத்தவர்.
அப்படித்தான் நோட்டு சொல்கிறது.

"சொல்லட்டும்" என்றாள் லியோகாதியா.
முப்பது வருடம் சுங்கத்தில் இருந்தவள்.
பெட்டியைத் தட்டிப் பார்க்காமல்
பிறந்தநாள் பரிசைக்கூட வாங்கமாட்டாள்.
துறைமுகப் பதிவேட்டின் நகலை மேசையில் விரித்தாள்:
அந்த ஜூன் மாதம் முழுக்க அவருடைய கப்பல்
அடிப்பலகை பிளந்து
இதே கழியில் ஒருக்களித்துக் கிடந்திருக்கிறது.

பெல்மீரு எழுந்தேவிட்டார். அவருடைய அப்பா
அதே கப்பலில் மீனுக்கு உப்புப் போட்டவர்.
"தேதி தப்பலாம். பனி தப்பாது.
எந்தத் திக்கு என்று தெரியாமல் வரும் அந்தச் சங்கொலியை
வீட்டில் உட்கார்ந்துகொண்டு
ஒருத்தன் எழுதிவிட முடியுமா?"

முட்டை அவிக்க வைத்திருக்கும் மணியை
நடுவில் வைத்தேன்.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
ஆளைப் பேசக்கூடாது, தாளைப் பேசலாம்.

மூன்று வாரம் தாளைப் பேசினார்கள்.
நான்காம் வாரம் "சுங்கச்சாவடி" என்றார் அவர்.
"உப்பு மூட்டைக்குப் பிறந்தவர்" என்றாள் அவள்.
மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அன்று நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
விதிப்படி கூடாது.
விதியை எழுதியவனும் நான்தான்.

அறுபத்தோராம் பக்கம். மூன்றாம் இரவு.
*விளக்கில் எண்ணெய் தீர்ந்தது.
சங்கு கேட்கிறது, திக்குத் தெரியவில்லை.
நான் தனித்தவள்.*

திரும்பப் படித்தேன். தனித்தவள்.
எங்கள் மொழியில் தனிமைக்கும் பால் உண்டு.
ஓர் எழுத்து மாறினால்
படகிலிருப்பவர் வீட்டிலிருப்பவர் ஆகிவிடுவார்.

மனைவி பெயர் ஃபெலிஸ்பெலா.
கூட்டுறவுக் கடையின் பழைய கடன் புத்தகத்தில்
அவள் கையெழுத்து இருந்தது.
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒத்தது. ஒக்கவில்லை.
இரண்டு மணிக்கு மேல்
என் கையெழுத்து மாதிரியும் தெரிந்தது.

"பேனா சறுக்கியிருக்கிறது, திருத்துங்கள்" என்றார் பெல்மீரு.
"சறுக்கிய இடம்தான் சாட்சி" என்றாள் லியோகாதியா,
"அட்டையில் அவர் பெயரை எடுங்கள்."
பிறகு அந்த வரியை ஒருமுறை உரக்க வாசித்தாள்.
வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றித்
துடைக்கத் துணி தேடினாள்.
"கப்பல் இங்கேதான் கிடந்தது. சரி.
அப்படியானால் யாருக்குப் பனி?"

பெல்மீருவிடம் பதில் இல்லை.
அவர் அம்மாவும் ஆறு மாதம் ஆறு மாதமாகக் காத்திருந்தவள்தானே
என்று கேட்க வாய் வந்தது.
ஆளைப் பேசக்கூடாது. விழுங்கினேன்.

கை தூக்கச் சொல்லலாம் என்றார்கள்.
இதற்கெல்லாம் ஓட்டா என்றேன்.
பதிவேட்டின் நகல் பின்னால் வரும்.
சங்கொலி இருந்த இடத்திலேயே இருக்கும்.
அட்டையில், நோட்டின் அட்டையில் இருப்பது மட்டும்:
வியேகாஸ்.
எழுத்தை யாரும் தொடக்கூடாது.

இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.
அப்படியென்றால் நியாயம்தான் என்று நினைத்தபடி
படி இறங்கினேன்.
பாதிப் படியில் அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து
அவெய்ரூ அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது.
அங்கே ஒரு பையன், நல்ல பையன்,
இலக்கணம் படித்தவன்,
அறுபத்தோராம் பக்கத்தில்
*தனித்தவன்* என்று திருத்தி அனுப்பியிருந்தான்.

சிவப்புப் பென்சிலை
முதலில் எடுத்தது பெல்மீரு.

இன்றைக்குக் காப்பி யார் முறை
என்று கேட்டாள் லியோகாதியா.