ஆறாம் எண்

நான் சாமான் அறைக்காரன்.
புந்தா அரேனாஸ் மருத்துவமனையின் அடித்தளத்தில்
பத்தொன்பது வருடமாக
நூல், ஊசி, பஞ்சு, கையுறை எண்ணுகிறவன்.
மேலே வெட்டுகிறவர் தைக்கிறவர்
முகம் பார்த்ததில்லை.
கை அளவு தெரியும்.

ஏழரையும் எட்டும் வந்த வேகத்தில் தீரும்.
ஆறு மட்டும்
என் பேரேட்டில் ஓடாத ஆறு.

மார்ச்சில் புதியவர்கள் சேரும்போது
சட்டென்று ஒரு வெள்ளம்.
மூன்று பேர், ஒரு வருடம் ஐந்து பேர்கூட.
அடுத்த மார்ச்சில் பாதி.
அதற்கடுத்ததில் பெட்டிகள்
காலாவதித் தேதியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.
எங்கே போனார்கள்?
தோல் பிரிவுக்கு, கண் பிரிவுக்கு,
'உனக்குத்தான் குழந்தை இருக்கிறதே' என்ற
ஒரு நல்ல சொல்லுக்கு.

நின்றவர் ஒருவர்.
எலும்பு அறுவைப் பிரிவு, எலியானா விர்சாலோவிச்.
காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
இந்த ஊர்த் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்து நடக்க.
அவருக்கு யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.

ஒரு ஜூன் இரவு,
நண்டுப் படகின் வடம் நசுக்கிய மணிக்கட்டு.
ஆறு கேட்டு ஆள் வந்தது.
இல்லை.
'பயன்பாடு குறைவு' என்று
அந்த வருடம் அதை அடித்தவன் நான்தான்,
சிவப்பு மையில், அளவுகோல் வைத்து.

ஏழை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.
கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன்:
ஒவ்வொரு விரல் நுனியிலும்
வெற்று ரப்பர் தொங்கிற்று.
அதோடு நான்கு மணி நேரம்
மயிரிழை நரம்பைத் தேடித் தைத்தார்.

மறுநாள் லிஃப்டில் நர்ஸ் சொல்லிச் சிரித்தாள்:
கண்விழித்த மீனவன் கேட்டானாம்,
'டாக்டர் எப்போது வருவார், அம்மணி?'
'ராத்திரியே வந்து போய்விட்டார்.
விரலைத் தொடுகிறேன், தெரிகிறதா?'

தலைமைப் பதவிக்கு இது மூன்றாவது மனு.
தேர்வுக் குழுவில் ஐவர்.
நால்வர் எட்டு, ஒருவர் ஏழரை.
முடிவு இன்னும் அடித்தளம்வரை
இறங்கி வரவில்லை.

இந்த வருடக் கொள்முதல் தாளில் எழுதினேன்:
ஆறு, நாற்பது பெட்டி.
'காரணம்' என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை ஊன்றியிருந்தேன்.
மை ஊறி ஒரு புள்ளி பரவியது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.