இணைப்பில்லாத பெட்டி

ஒன்பதாம் மாடியிலிருந்து மறுபடியும் புகார்:
குளிர்கிறது.
கணக்குப் பிரிவு, ஜன்னலோர மேசை, ஸிக்ரீடா கால்வே.
இந்தப் பனிக்காலத்தில் பதினேழாவது.

மேலே போய் அளந்தேன். இருபத்தொன்றரை டிகிரி.
அடுத்த மேசைக்காரன் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தான்.
அவரோ கம்பளிச் சால்வைக்குள் இருந்தபடி
ஏதோ ஒரு நிறுவனத்தின் நஷ்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.
கருவியைக் காட்டினேன்.
"உங்கள் கருவிக்குக் குளிரவில்லை போலிருக்கிறது" என்றார்.

அடித்தளத்தில் என் ஆட்கள் நால்வர்.
குழாயில் உள்ளங்கை வைத்தே
எந்த வால்வு பாதி மூடியிருக்கிறதென்று சொல்லும் வெல்டா.
இரண்டாம் லிஃப்டோடு தினமும் சண்டைபோட்டு
சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிடும் ரைதிஸ்.
எதற்கும் "ம்" மட்டும் சொல்லும் இல்க்வார்ஸ்.
நான்காமவர் முதுகுவலி என்று அக்டோபரில் போனவர்.
பட்டியலில் அவர் பெயரை இன்னும் அடிக்கவில்லை.
அடித்தால் அந்த இடத்தையே தலைமையகம் விழுங்கிவிடும்.

என் வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு.
மேலேயிருந்து வரும் "ஏன் இத்தனை செலவு"
கீழே இறங்கும்போது
"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" ஆகிவிடும்.
கீழேயிருந்து வரும் "அந்த பம்ப் செத்துக்கொண்டிருக்கிறது"
மேலே ஏறும்போது
"ஆயுட்காலத்தின் இறுதிக் கட்டத்தில் உள்ளது."
பம்புக்கு இரண்டு மொழியும் தெரியாது.
அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரியில் ரீகா முழுக்க இறுகியது.
டௌகாவா ஆற்றில் துளைபோட்டு
பெட்டிமேல் உட்கார்ந்து மீனுக்குக் காத்திருந்தார்கள்.
பதினெட்டாவது புகார் வரவில்லை.
ஒரு வாரம். இரண்டு வாரம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.
கத்திக்கொண்டிருந்த பேரிங் திடீரென்று அமைதியானால்
யாரும் இங்கே நிம்மதியடைவதில்லை,
டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

ஓடினேன்.
சால்வை நாற்காலியின் முதுகில் தொங்கியது.
மேசைக்கு மேலே சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி,
சின்னச் சக்கரம், பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு வரை எண்கள்.
இருபத்துமூன்றில் வைத்திருந்தார்.
"கடைசியில் யாருக்கோ காது கேட்டிருக்கிறது" என்றார்.
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கருவியைப் பார்த்தேன்:
இருபத்தொன்றரை.

ஆறு மணிக்குமேல் மாடி காலியானதும் கழற்றினேன்.
இரண்டு திருகாணி. பின்னால் வெறும் சுவர்.
ஒயர் இல்லை, ஒயருக்கான துளைகூட இல்லை.

இல்க்வார்ஸை அறைக்குக் கூப்பிட்டேன்.
ஒரு உரை தயாராக வைத்திருந்தேன்:
நேர்மை, ஆவணம்,
பதிவேட்டில் எண்ணில்லாத எதுவும்
இந்தக் கட்டடத்துச் சுவரில் ஏறக்கூடாது என்பது.
"ம்" என்றார்.
அப்புறம், அவருக்கு அது பிரசங்கம்,
"அவங்களுக்குத் திருக ஒண்ணு வேண்டியிருந்தது."

நான் உரையின் மூன்றாம் பகுதிக்கு வந்தபோது
அவர் கண் ஒரு கணம்
என் தலைக்குப் பின்னால் சுவருக்குப் போய்த்
தரைக்கு வந்தது.

உரை அங்கேயே நின்றுவிட்டது. போகச் சொன்னேன்.

பொறுப்பேற்ற வாரம் மாட்டியது அந்தப் பெட்டி.
மூன்று வருஷமாகக் கோட்டைக் கழற்றியதும்
முதல் வேலை அதைத் தொடுவதுதான்.
இந்த அறை கொதிகலனுக்கு மேலே இருப்பதாலோ என்னவோ
சூடு அதிகம் என்று அப்போது சொன்னேன்.
ஒரு தடவைதான். சரி,
இரண்டு மூன்று தடவை.

திருப்புளியை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூடியின் உட்புறம் பென்சிலில்
வெல்டாவின் சாய்ந்த கையெழுத்து. தேதி. பிறகு,
பொருத்தியது: இல்க்வார்ஸ்.
சரிபார்த்தது: வெல்டா.
சாட்சி: ரைதிஸ்.
நான்காமவர்கூடக் கிறுக்கியிருந்தார்.
அடுத்த பராமரிப்பு: தேவையில்லை.

ஆவணம் இல்லையென்று இனி யாரைச் சொல்ல.

திருகாணிகளை இறுக்கினேன்.
கீழே யாரோ பம்பைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.
இருபதில் இருந்தது சக்கரம்.
அரை டிகிரி குறைத்தேன்.
இதமாக இருந்தது.