முப்பது வெள்ளி

மார்ச் பத்தொன்பதுக்குள்
கடை உயிரோடுதான் இருக்கிறது என்று
அரசாங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.
வருசத்துக்கு அறுபது வெள்ளி.
தவறினால்
முருகனுக்கும் நம்பர் காலண்டருக்கும் நடுவே
கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ்
சுவர்க்கறையை மறைக்கத்தான் ஆகும்.

அதில் இரண்டு பெயர்.
சவரிநாதன் அ/லெ மிக்கேல்.
வீரபத்திரன் அ/லெ சின்னக்கண்ணு.
இரண்டாவது நான்.
தொழில்: புல் வெட்டும் மெசின் பழுது பார்ப்பது.
மலாயில் எழுதினால் கட்டத்தைத் தாண்டி
வால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

நாங்கள் பேசிக்கொண்டு பதினோரு வருசம்.

கேட்பவர்களிடம், ஒரு கார்புரேட்டர் என்பேன்.
அதற்கு மேல் சொல்வதில்லை.
மூன்றாம் டிவிசன் மண்டோர் கொண்டுவந்த தனாக்கா;
புதுசு போட்டிருக்கிறேன் என்று பில் எழுதினேன்.
சவரி, மண்டோர் எதிரிலேயே
அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தான்.
பழசு.
நன்றாகக் கழுவிய பழசு.

அன்று சாயந்திரம்
தன் ஸ்பானர்களை மைலோ டின்னில் போட்டுக்கொண்டு
ரோட்டைத் தாண்டினான்.
எதிரே ஆ செங் டயர் கடை. அன்றிலிருந்து அங்கேதான்.

பெயரை எடுக்க வேறு பாரம் உண்டு.
இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.
போட ஒரே மேசைக்கு வர வேண்டும்.
யார் முதலில்?

ஆனால் ஒவ்வொரு மார்ச்சும் உறை வரும்.
சீனப் பெருநாளுக்கு டவுக்கே கொடுத்த சிவப்பு ஆங்பாவ்,
உள்ளே மூன்று பத்து வெள்ளி.
அவன் மகள் ரெஜினா கொண்டுவருவாள்,
முதலில் நீலப் பினஃபோரில்,
பிறகு பாரம் சிக்ஸ் கழுத்துப்பட்டையோடு,
போன வருசம் வெள்ளை நர்ஸ் உடுப்பில்.
"அப்பா கொடுக்கச் சொன்னாங்க அங்கிள்."
பசியாறியாச்சா என்று கேட்பேன்.
தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

முப்பது வெள்ளி.
வேதம் படித்தவன், தெரியாமலா அனுப்புவான்.
யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று
நானே கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும் என்றிருப்பான்.

இந்த வருசம் உறை வரவில்லை.

பதினாறு, பதினேழு.
கண் எதிர்ப்பக்கமே போனது.
செம்பனை லோரிக்கு அடியிலிருந்து
இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன.
அவன் கால்தான்.
இடது குதிகாலில் எங்கள் செயின்சா போட்ட தழும்பு.
ஆள் இருக்கிறான், உறை இல்லை.

சரி போ என்று அறுபதையும் நானே எடுத்துக்கொண்டு
பாடாங் செராயில் பஸ் ஏறி
சுங்கைப் பட்டாணியில் மாறி
அலோர் ஸ்டார்.
கையில் நம்பர் சீட்டு. ஏர்கோன் குளிரில்
கணக்கு காட்ட வந்தவர்கள் எல்லாரும்
ஏதோ திருடியவர்கள் போலவே உட்கார்ந்திருந்தார்கள்.

கவுண்டர் பெண் திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"என்சேக், இனி சூடா பாயார்."
கட்டியாயிற்றாம்.
ஒன்பது நாள் முன்னால்.
"லீமா தாஹுன்" என்று ஐந்து விரலையும் விரித்தாள்.

ஐந்து வருசம்.
முந்நூறு வெள்ளி.
சம்பளக்காரன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
ஐந்து வருசத்துக்கு இவன் முகத்துக்கு
உறை அனுப்ப வேண்டாம் என்று கட்டினானா?
ஐந்து வருசம் இந்தப் பெயர்கள்
ஒன்றன்கீழ் ஒன்று இருக்கட்டும் என்று கட்டினானா?
இல்லை, ரெஜினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி
வேறு ஊருக்குப் போகிறாளா?
குரூண் தாண்டும்வரை ஒன்று சரியாகப்பட்டது,
அதன்பின் மற்றது.

கடையைத் திறந்து விளக்கைப் போட்டேன்.
மேசை அறையில் போன வருச ஆங்பாவ்,
தங்க மீன் படம், ஓரத்தில் கிரீஸ் விரல்.
அதற்குள் நூற்றைம்பது வைத்தேன்.

கொடுத்தனுப்ப எனக்கு மகள் இல்லை.

ரோடு இருபது அடிதான்.
ஆ செங் பாதி ஷட்டரை இறக்கிவிட்டான்;
மீதிப் பாதியில் வெளிச்சம்,
யாரோ கை கழுவும் சத்தம்.
ஆலைக்குப் போகும் லோரிகள் வரிசையாக வருகின்றன.
ஒன்று போகட்டும் என்று நிற்கிறேன்.
இதுவும் போகட்டும்.