மேற்கோள் ஆறு

பதவி உயர்வுப் படிவம் கேட்கிறது:
மொத்தம் எத்தனை மேற்கோள்?
பன்னிரண்டாயிரத்து நானூறு.
எல்லாம் ஒரே கட்டுரைக்கு.
எழுதியவர்கள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேர்,
அகரவரிசையில் நான்
நகானோவுக்கும் நாகெலுக்கும் நடுவில்.

'உங்கள் பங்களிப்பு, விழுக்காட்டில்.'

கல்லூரி வாசலைத் தாண்டி
மாங்கூழ் ஆலைக்குப் போகிறது பெங்களூரா லோடு.
சந்தூர்க் காய் எது, போச்சம்பள்ளிக் காய் எது என்று
பீப்பாயைத் திறந்து யார் சொல்வது?
ஓர் உணர்கருவியின் மின்னழுத்தம் இறங்காமல்
பதினோரு இரவு பார்த்துக்கொண்டேன்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

தனியாக எழுதியதும் ஒன்று உண்டு.
மேற்கோள் ஆறு.
நான்கு, நானே.
ஐந்தாவது பூச்சியியல்காரர்கள் தந்தது:
மாம்பூத் தத்துப்பூச்சியை ஆராயும்
இன்னொரு கே. நாகவேணிக்குப் போகவேண்டியது,
விலாசம் தவறி என்னிடம் வந்துவிட்டது.
ஆறாவது லிஸ்பனிலிருந்து:
'மூன்றாம் பக்கம், சமன்பாடு பதினேழு.
குறி தவறு.'

போட்டுப் பார்த்தேன்.
தவறுதான்.

நாளை மாலைக்குள் படிவம் போகவேண்டும்.
இருக்கட்டும்.
மூன்றாம் பக்கம் வரை வந்த ஒரே ஆள்.
முதலில் அவருக்கு எழுதுகிறேன்:
ஐயா, அந்தக் கழித்தல்
கிருஷ்ணகிரியில், என் கையால் விடுபட்டது.
வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.