மூன்றாம் எண் கூண்டு

அவள் வந்த முதல் இரவு
கதவைச் சாத்திக்கொண்டாள்.
மஞ்சக்குப்பத்தில் இந்த வீட்டைக் கட்டியதிலிருந்து
குளியலறை தவிர எந்தக் கதவும்
உள்ளிருந்து சாத்தப்பட்டதில்லை.
காய்ச்சலோ என்றார் தணிகாசலம்.
தட்டிப் பார்க்கச் சொன்னார், வேண்டாம் என்றார்,
பிறகு டம்ளரில் தண்ணீரோடு அவரே போய் நின்றார்.
ஒன்றுமில்லை, சும்மா இருக்கிறேன் என்று
உள்ளிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது.
சும்மா இருக்க எதற்குக் கதவு?

பெயர் ரீக்கா. பதினேழு வயது. பின்லாந்து.
எதிர்வீட்டு வேதவல்லி ஒரே நாளில் ரேகா ஆக்கிவிட்டாள்.
கோவையில் படிக்கும் மகனின் அறை, பத்து மாதத்துக்கு.
அவனுடைய கிரிக்கெட் படங்களுக்குக் கீழே
தன் அப்பாவின் படகை ஒட்டினாள்.

தோசைக்கு ஒரு நன்றி, சட்னிக்கு ஒரு நன்றி,
மோருக்கு எழுந்து நின்று ஒரு நன்றி.
விழா முடிஞ்சுதா என்று மகள் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இருபத்திரண்டு வருடமாக என் ரசத்தைப் பற்றி
உப்பு குறைந்த நாட்களில் மட்டும்தான் பேச்சு.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பிய ஓர் இரவு
மூக்கைப் பொத்தாமல், மரியாதையாகக் கேட்டாள்:
இதுவும் சாப்பாடா?

'போதும்' என்றால் இங்கே 'இன்னும் ஒன்று' என்பதை
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று வாரம் தட்டு நிறைந்துகொண்டே இருந்தது.
ஒரு மதியம் கண்ணும் நிறைந்தபோதுதான்
கரண்டியைக் கீழே வைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி.
கைப்பேசியில் பொருள் தேடிவிட்டு வந்து
உள்ளே எந்தப் பறவை என்றாள்.
வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் தணிகாசலம்
தானே புயலில் எங்கள் தகரக் கொட்டகை
கெடிலம் பக்கம் பறந்து போனதைக்
கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார்.
அவள் சிரிக்கவில்லை.
மின்சாரம் இல்லாத அந்த இரண்டு இரவும்
அவள் கதவு ஒரு செருப்பு அகலம் திறந்திருந்தது.
காற்றில் மூடிக்கொள்ளாமல்
அவளே வைத்த செருப்பு.
அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனியில் கிளம்பினாள்.
பண்ருட்டிப் பலாவை விமானத்தில் ஏற்ற முடியாதாம்,
கொட்டையை மட்டும் வறுத்துக் கட்டிக் கொடுத்தேன்.
வாசலில் நின்று, போறேன் என்றாள்.
வேதவல்லி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு
ரேகாவின் அறைக்குள், அதாவது மகன் அறைக்குள் போய்
கதவைச் சாத்தினேன்.
தாழ் சத்தமில்லாமல் விழுந்தது.
பத்து மாதம் பழகிய தாழ்.
படுக்கவில்லை. எதையும் மடிக்கவில்லை.
படகு இருந்த இடத்தில் நாலு துண்டு டேப்.
அதையும் பிய்க்கவில்லை.

வெளியே காலடி வந்து நின்றது.
டம்ளர் நிலையில் இடித்தது.
காய்ச்சலா?

இல்ல. சும்மா இருக்கேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, தண்ணீரை அவரே
குடிக்கும் சத்தம்.